துப்பாக்கி கேட்பவர் காரணம் எழுதட்டும்

கடலைப் பார்த்தே உட்கார்ந்து பழகிய எங்களை இன்று ஒரு மாலைப் பொழுதாவது மேடையைப் பார்த்து உட்கார வைத்திருக்கும் அவைத்தலைவர், எங்கள் படகு உரிமையாளர் சங்கத்தின் தலைவர், பெருமதிப்பிற்குரிய செல்வதுரை அண்ணாச்சி அவர்களே, சண்டை என்று காதில் விழுந்தால் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவந்து சமாதானம் பேசுகிற பங்குத்தந்தை அவர்களே, எனக்கு முன்னால் முழங்கி இந்த ஒலிபெருக்கியைச் சூடாக்கி வைத்துவிட்டுப் போன அன்புத் தம்பி கிருபாகரன் அவர்களே, அலையை அறிந்த பெரியவர்களே, அந்த அலையையும் எங்களையும் ஒருசேரப் பொறுத்துக்கொள்கிற தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் தேவதாசனின் தாழ்மையான வணக்கம்.

தம்பி கிருபாகரன் என்ன சொன்னார்? சென்ற மாதம் அவர் படகில் டீசல் திருட வந்தவர்கள் காவலாளி நயினாரின் மண்டையை உடைத்தார்கள் என்றார். உண்மை. பதினோரு தையல். மருத்துவமனையில் நானும் போய்ப் பார்த்தேன். அதனால் படகு உரிமையாளர் ஒவ்வொருவருக்கும் துப்பாக்கி உரிமம் வேண்டும், சட்டத்தின் கெடுபிடியைத் தளர்த்த வேண்டும் என்று மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு எழுதியிருக்கிறார். மனு அதோ அந்த மேசையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் கையெழுத்து. அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள் என்று கேட்கத்தான் நான் எழுந்து நிற்கிறேன்.

யாரோ பின்னால் சிரிக்கிறீர்கள். தெரிகிறது. "வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கிறவனே இப்படிப் பேசலாமா" என்றுதானே? வைத்திருக்கிறேன். பட்டாளத்தில் பதினேழு ஆண்டு, பிறகு வங்கி வாசலில் காவல் ஒன்பது ஆண்டு, அந்தக் காவலுக்காக வாங்கிய இரட்டைக்குழல் இன்றும் என் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கிறது. இந்தக் கூட்டத்தில் துப்பாக்கியைப் பற்றிப் பேச என்னைவிட யாருக்கு உரிமை?

துப்பாக்கிச் சட்டம் கடுமையானால் குற்றம் குறையுமா? கேள்வி பெரிது. புள்ளிவிவரம் படித்தவர்கள் குறையும் என்கிறார்கள், குறையாது என்றும் சொல்கிறார்கள். தம்பி ஒன்று கேட்டார்: "நம்ம பக்கம் வெட்டுறவன் அருவாள எடுத்துட்டு வாரான், அதுக்கு என்ன லைசென்ஸ் இருக்கு?" நியாயமான கேள்வி. திருடன் உரிமம் கேட்டு விண்ணப்பிக்க மாட்டான் என்பதும் நியாயம். மறுக்கவில்லை. ஆனால் அரிவாளோடு வருகிறவன் நடந்து வர வேண்டும், நெருங்கி வர வேண்டும். நெருங்குவதற்குள் நாலு பேர் கையைப் பிடிப்பார்கள். துப்பாக்கிக்கு யார் கையைப் பிடிப்பது? அதோடு அந்தச் சட்டம் திருடனை மட்டும் நினைத்து எழுதியது அல்ல. நல்லவனை நினைத்தும் எழுதியது. நல்லவனுக்கு வாழ்நாளில் எப்போதாவது பிடிக்கிற அரைமணி நேரப் பைத்தியத்தை நினைத்து எழுதியது. எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது.

போன தேர்தல் சமயம். ஒரு முற்பகலில் என் மைத்துனன் வளன் கரைக்கு வந்தான். கையில் வலை இல்லை, வலையின் ஒரு முனை மட்டும் இருந்தது. மீதியை ஒரு விசைப்படகு அறுத்துக்கொண்டு போய்விட்டது. எந்தப் படகு என்றேன். அவன் சொன்னான்: "அந்தோணியார்னு போட்டிருந்துச்சு மச்சான். ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்."

அந்தோணியார் என்றதும் என் நெஞ்சில் வந்து நின்றது ஒரே படகு. இந்த மேடையில் தலைமை தாங்குகிறாரே, நம் அண்ணாச்சி, அவருடைய படகு. அந்த மாதம் எங்களுக்குள் ஐஸ் இறக்கும் இடத்தைப் பற்றிப் பேச்சு முற்றியிருந்தது. பேசமாட்டோம், பார்த்தால் முகத்தைத் திருப்புவோம். ஆக, வேண்டுமென்றே அறுத்திருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். முடிவு கட்ட எவ்வளவு நேரம் ஆனது? மூச்சு ஒன்று விடும் நேரம்.

வீட்டுக்குப் போனேன். பெட்டியைத் திறந்தேன். பெட்டி காலி. தேர்தல் அறிவித்தால் உரிமம் உள்ளவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று ஆணை வரும் அல்லவா, பத்து நாள் முன்புதான் நானே கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன். ஆத்திரத்தில் அதுகூட மறந்துபோயிற்று. சிரிக்காதீர்கள், அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேரே காவல் நிலையத்துக்குப் போய் என் துப்பாக்கியைக் கொடு என்று நின்றேன்.

அங்கே ஏட்டு ஜெபசுதா இருந்தார். கத்தவில்லை, மிரட்டவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினார். "பேரு, லைசென்ஸ் நம்பரு, திருப்பிக் கேக்குறதுக்கான காரணம். மூணையும் எழுதுங்க அண்ணாச்சி. அய்யா வந்ததும் காட்டுதேன்."

பெஞ்சில் உட்கார்ந்தேன். பெயர் எழுதினேன். எண் எழுதினேன். காரணம் என்று எழுதி இரண்டு புள்ளி வைத்தேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. என்ன எழுதுவேன்? பாதுகாப்புக்கு என்று எழுதலாமா? பொய். பட்டாளத்தில் கையெழுத்துப் போட்டுப் பழகிய கை, பொய் எழுத மறுத்தது. உண்மையை எழுதலாமா? உண்மை ஒரே ஒரு சொல். செல்வதுரை. தாய்மார்களே, அந்தப் பெயர்தான் என் காரணம். அதை மையால் எழுதிப் பார்க்கத் துணிவில்லாத நான், அதை அழிக்கத் துணிந்து வந்திருந்தேன்.

அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்போது என் மனைவி பிலோமினா ஆட்டோவில் வந்து இறங்கினாள். நான் யாரை நினைத்துக் கிளம்பினேன் என்று வளன் சொல்லக் கேட்டு, என்னைத் தேடி மூன்று இடம் அலைந்திருக்கிறாள். அவள் சொன்னது இது: "வளன் பாத்தது வனத்து அந்தோணியாரு. நீங்க நினைச்சது பதுவை அந்தோணியாரு. படகு ஓரத்துல டயர் தொங்குனதுல முன்னால உள்ள எழுத்து மறைஞ்சிருக்கு. அந்தப் படகுக்காரவுகளே அறுந்த வலையத் தூக்கிட்டு நம்ம வாசல்ல வந்து நிக்காவ. வீட்டுக்கு வாங்க."

இந்தக் கடற்கரையில் அந்தோணியார் என்று பெயர் வைத்த படகு எத்தனை? எண்ணிச் சொல்லுங்கள் பார்ப்போம். அண்ணாச்சி படகு பதுவை அந்தோணியார், அறுத்தது வனத்து அந்தோணியார்; பெயர் ஒன்று, புனிதர் இருவர். ஒரு டயர் மறைத்த எழுத்துக்காக, ஒரு மனிதர் மண்ணுக்குள் போயிருப்பார், நான் சிறைக்குள் போயிருப்பேன், இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் பகைக்குள் போயிருப்பார்கள். தடுத்தது எது? என் நல்ல குணமா? இல்லை. என் பக்தியா? இல்லை. காலியான பெட்டியும் ஒரு வெள்ளைத் தாளும்.

இதை நேற்று அண்ணாச்சி வீட்டுக்குப் போய் முதன்முதலாகச் சொன்னேன். சொல்லாமல் அவர் முன்னால் இந்த மேடையில் ஏற எனக்கு மனமில்லை. முழுவதும் கேட்டார். பிறகு, "நீரு குறி தப்பாத ஆளாச்சே வே" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடிக்கையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தம்பி கிருபாகரா, நயினாருக்கு நியாயம் வேண்டும். துறைமுகத்துக்கு விளக்கு கேட்போம், கேமரா கேட்போம், ரோந்து கேட்போம், அந்த மனுவில் நான் ஓடிவந்து கையெழுத்துப் போடுகிறேன். துப்பாக்கி மட்டும் வேண்டாம். நாளைக் காலை பத்து மணிக்கு என் இரட்டைக்குழலையும் உரிமத்தையும் நிரந்தரமாக ஒப்படைக்கப் போகிறேன்.

உங்களைத் தடுக்க மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த மனுவில் கையெழுத்துப் போடும் முன் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் காரணம் என்று எழுதுங்கள். திருடன் என்று எழுதாதீர்கள், திருடன் முகம் உங்களுக்குத் தெரியாது. தெரிந்த முகம் ஒன்று உங்கள் மனதுக்குள் வரும், அந்தப் பெயரை எழுதுங்கள். எழுதியதை இந்த ஒலிபெருக்கியில் வாசியுங்கள். வாசிக்க முடிந்தவருக்கு நானே முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுகிறேன். முடியாதவர்கள் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அந்தப் பெயருக்குரியவர் வீட்டுக்கு ஒரு நடை போய்வாருங்கள்.

இவ்வளவு நேரம் அசையாமல் கேட்ட உங்களுக்கு நன்றி. எழுத முடியாத தாளை என் கையில் கொடுத்த ஏட்டு ஜெபசுதாவுக்கு நன்றி. உயிரோடு இருந்து இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிற அண்ணாச்சிக்கு நன்றி. வணக்கம்.