மூடி தடதடக்கும்

அட, கையில எடுத்துப் பாருங்கம்மா. பழைய சாமான் விக்கிறேன்னு போர்டு மாட்டி வாசல்ல பரப்பி வச்சிருக்கிறதே அதுக்குத்தானே. அந்தக் கரண்ட் ஸ்லோ குக்கர்ல ஒரு குறையும் கிடையாது. என்ன, மூடி மட்டும் கொஞ்சம் தடதடக்கும்.

சமையல் வராதா? அட போங்க, இது ஒரு வேலையா! எலும்பில்லாத கோழிய அப்படியே போடுங்க. வெங்காயம், பச்சை மிளகா, சீரகத்தூள், பச்சைத் தக்காளி சாஸ் ஒரு பாட்டில். சின்னச் சூட்டுல ஆறு மணி நேரம். கடைசில ரெண்டு முள்கரண்டியால கோழியப் பிச்சுவிட்டு, க்ரீம் சீஸ் ஒரு கட்டி. கெட்டிக் குழம்பாட்டம் சில்லி ரெடி. நடுவுல மூடியத் தொறந்து தொறந்து பாத்தீங்க, சூடெல்லாம் போயிரும்.

பீன்ஸ் பயறா? ஐயோ, எங்க வீட்டுல கிடையாது. எல்டனுக்குச் சர்க்கரை. எல்டன்னா எங்க வீட்டுக்காரரு. டாக்டர் மாவுச்சத்தே ஆகாதுன்னுட்டாரு. பீன்ஸக்கூட விட்டாரு மனுஷன், லவங்கப்பட்டை ரோலுங்கிற இனிப்பு பன்னத்தான் விட முடியல. ஓ, நீங்க ஊருக்குப் புதுசா? நெப்ராஸ்காவுல சில்லின்னா பக்கத்துல பாகு வழிய வழிய அந்த ரோல் ஒண்ணு இருந்தாகணும். பள்ளிக்கூடத்துலயே அப்படித்தான் தட்டுல வைப்பாங்க. இவரு அத சில்லில முக்கித் திம்பாரு, சின்னப் புள்ளையாட்டம்.

அன்னிக்குக் காலையில நான் கோழியப் போட்டுட்டிருக்கேன். வேலைக்குக் கெளம்பினவரு வாசல்ல நின்னுக்கிட்டு, ஒரே ஒரு ரோல் மார்லீன், பாதியாவது வாங்கி வையேங்குறாரு. வந்துச்சே எனக்குக் கோவம்! சாகணும்னு அவ்வளவு ஆசையா இருந்தா நீங்களே போய் வாங்கித் தின்னுங்கன்னுட்டேன். தொப்பிய மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு.

எனக்கு மனசு கேக்குமா? பத்து மணிக்கெல்லாம் பேக்கரிக்கு ஓடி வாங்கியாந்தேன். பாதி இல்லம்மா, முழுசா ஒண்ணு. சாயங்காலம் அவரு உக்காந்ததும் எடுத்து நீட்டணும்னு ஓவனுக்குள்ள ஒளிச்சு வச்சேன். வச்சுட்டுத் திரும்புறேன், போன் அடிக்குது. அவரு வேலை செய்யற தானியக் கிடங்குல நெஞ்சப் புடிச்சுக்கிட்டுச் சாஞ்சுட்டாராம்.

விலையா? அதெல்லாம் வேணாம், சும்மா எடுத்துட்டுப் போங்க. மூடி தடதடக்கும்னு சொன்னேன்ல, அதுக்குப் பயந்துராதீங்க. நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து அவரு தொப்பிய மட்டும் எடுத்துக்கிட்டு ஒத்தையா வீட்டுக்குள்ள நுழையறப்பவும் அது தடதடன்னுதான் இருந்துச்சு. அப்போ சரியா ஆறு மணி நேரம் ஆகியிருந்துச்சு. கோழி நல்லா பதமா வெந்திருந்துச்சும்மா.