வெல்ஷ் பெட்டியில் ஒரு சீட்டு

அன்று மழை பெய்ததா என்று இப்போது எனக்கு நிச்சயமில்லை. காகிதத்தை வெட்டும்போது அதன் பின்பக்கத்தைப் பார்த்தேனா என்பதும் சரியாக நினைவில்லை.

லண்டனில் ஓர் அகராதி அலுவலகத்தில் றெஜினோல்ட் அண்ணையும் நானும் பதினாறு வருடம் ஒரே அறையில் இருந்தோம். ஐரிஷ், வெல்ஷ் மொழிகளில் எஞ்சியிருக்கும் சொற்களை ஒப்பிட்டு, அவற்றுக்கு மூலமான பழைய கெல்டிக் சொல்லை ஊகித்து எழுதுவோம். இரண்டு கிளையிலும் வாரிசு கிடைத்தால்தான் அந்தச் சொல்லுக்கு அகராதியில் இடம். யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இதில் என்ன வேலை என்று இல்ஃபோர்ட்டில் இருக்கும் தமிழர்கள் கேட்பார்கள்.

"செத்தவைக்குச் சொந்தக்காரரைத் தேடிக் குடுக்கிறம்" என்பார் அண்ணை.

ஆற்றைக் கடக்கும் துறைக்கு அவர் ஒரு மூலச் சொல்லை ஊகித்திருந்தார். ஐரிஷ் வாரிசு இருந்தது, வெல்ஷில் இல்லை. ஒன்பது வருடம் தேடினார். ஒன்பதாவது வருடம், தலைமைப் பதிப்பாசிரியர் பதவிக்கு எங்கள் இருவரின் பெயரும் பேசப்பட்டது.

"ஒரே ஒரு வெல்ஷ் சீட்டுக் கிடைச்சாக் காணும் தம்பி. பிறகு நிம்மதியாச் சாவன்."

"ஆறுதலாத் தேடுங்கோ அண்ணை."

அவர்மேல் எனக்கு இரக்கம் இருந்தது. அந்தக் காலத்தில் அகராதிக்கு உதவும் தொண்டர்கள் கிராமங்களில் கேட்ட சொற்களை, கழிவுக் காகிதத்தில் வெட்டிய சீட்டுகளில் எழுதி அனுப்புவார்கள். அண்ணை தேடிய வெல்ஷ் சொல்லை வைத்து நானும் அப்படி ஒன்று எழுதினேன். மங்கிய மை, 1931 என்று தேதி. பழைய சீட்டுகள் கிடக்கும் வெல்ஷ் பெட்டியில் வைத்தேன். நான்காம் நாள் அண்ணை அதைக் கண்டெடுத்து அழுதார். அலுவலகம் முழுவதற்கும் தேநீரும் றோல்ஸும் வாங்கிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டை ஆதாரமாக வைத்து அவர் எழுதிய கட்டுரை வெளிவந்து ஒரு மாதம் கழித்து, சீட்டைத் திருப்பிப் பாருங்கள் என்று நான்தான் நிர்வாகத்துக்கு எழுதினேன். பின்பக்கத்தில் பாதி வெட்டுப்பட்ட ஓர் இணைய முகவரி இருந்தது. அப்படியானால் வெட்டும்போது நான் பார்த்திருக்கத்தான் வேண்டும்.

"நான் எழுதேல்லை தம்பி. நீயாவது நம்புறியோ?"

"ஓம் அண்ணை" என்றேன். அது பொய்யில்லை.

அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். இதயத்துக்கான மாத்திரைகளை அவர் நிறுத்திவிட்டது மனைவி பியற்றிஸ் அக்காவுக்குப் பிந்தித்தான் தெரியவந்தது. அண்ணை மாசியில் இறந்தார். அக்கா வீட்டை விற்றுவிட்டு வெம்பிளியில் மகளோடு இருக்கிறார். நான் தலைமைப் பதிப்பாசிரியர். அகராதி போன மாதம் வெளிவந்தது. அந்தச் சொல் அதில் இல்லை. முன்னுரையில் அண்ணைக்கு நன்றி சொல்லியிருக்கிறேன்.

அவர் சரியாகத்தான் ஊகித்திருந்தார். என் சீட்டில் இருந்த சொல் கற்பனையல்ல. 1931இல் யாரோ எழுதிய உண்மையான சீட்டு எனக்கு முதலிலேயே கிடைத்திருந்தது. அதைப் பார்த்துத்தான் எழுதினேன். அது என் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது.