மாஸ்டர் முறுக்கிய நட்டு

துயரத்தோடு மேடையில் அமர்ந்திருக்கும் பணிமனை மேலாளர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி நம்மையெல்லாம் கலங்க வைத்த சங்கச் செயலாளர் அவர்களே, வேலை முடிந்த கையோடு எண்ணெய்ச் சட்டையுடன் வந்து நிற்கும் தோழர்களே, முன்வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் அண்ணி அவர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் பேச்சாளன் இல்லை. இந்தப் பேருந்துப் பணிமனையில் இருபத்திரண்டு வருடமாகப் பெயிண்டர். நம் தலைமை மெக்கானிக், நாம் உரிமையோடு ஸ்பேனர் மாஸ்டர் என்று அழைத்த பெருமகன், தன் வீட்டுப் பின்கொட்டகையில் தானே கட்டிய ஹெலிகாப்டரைச் சோதிக்கும்போது நம்மை விட்டுப் போய் இன்றோடு பத்தொன்பது நாள். விசாரிக்க வந்த அதிகாரி ஒரு தாள் எழுதியிருக்கிறார். வால் பகுதியில் இருந்த ஒரு நட்டை, ஹெலிகாப்டரைக் கட்டியவர் சரியாக முறுக்கவில்லையாம். கட்டியவரின் கவனக்குறைவாம்!

யாருக்குக் கவனக்குறைவு? நம் மாஸ்டருக்கா?

ஒரு நாள் பஸ் வாசலைத் தாண்டிப் போன பிறகு, பின் சக்கரத்தின் ஐந்தாவது நட்டை முறுக்கினோமா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டு துரத்தி, மூன்றாவது நிறுத்தத்தில் பஸ்ஸைப் பிடித்தார். பயணிகள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். பார்த்தால், நட்டு கல் மாதிரி இருக்கிறது. "சரியாத்தானே இருந்துச்சு, இதுக்கா மாஸ்டர் மூச்சிரைக்க ஓடினீங்க?" என்று திரும்பி வந்தவரை நான் கேலி செய்தேன். "சரியா இருக்குன்னு இப்பத்தானேடா தெரியுது" என்றார். அந்த மனிதரையா கவனமில்லாதவர் என்கிறீர்கள்?

ஹெலிகாப்டர் எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. நானும் கேட்டேன். "எத்தனை நாளைக்குத்தான்டா சக்கரத்தையே பார்த்துக்கிட்டிருக்கிறது?" என்றார். அவ்வளவுதான் காரணம். ஆறு வருடம்! பழைய வேன் எஞ்சின், தண்ணீர்க் குழாய் விற்பவரிடம் வாங்கிய இரும்புக் குழாய்கள், பேருந்திலிருந்து கழற்றிப் போட்ட ஓட்டுநர் இருக்கை. மழை நாளில் அண்ணி மேலே இருந்த இறக்கையில் ஈரத்துணியைக் காயப்போட்டுவிட்டார்கள். மாஸ்டர் கோபித்துக்கொள்வார் என்று பார்த்தேன். "ஒரே பக்கமா போடாதம்மா, அந்தப் பக்கமும் ரெண்டு போடு, எடை சமமா இருக்கட்டும்" என்றார். அண்ணி, நீங்கள் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டது.

தோழர்களே, அந்த நட்டு விஷயத்தை நான் சொல்லியாக வேண்டும். நட்டை முறுக்கி முடித்ததும் மாஸ்டர் அதன் மேல் சிவப்பு எனாமலில் மெல்லிய கோடு ஒன்று இழுப்பார். நட்டிலிருந்து பக்கத்துத் தகடு வரைக்கும் ஒரே கோடு. எஞ்சின் அதிர்வில் நட்டு துளி அசைந்தாலும் கோடு இரண்டாக உடைந்து நிற்கும். உடைந்தால் ஸ்பேனரை எடு, இல்லாவிட்டால் அடுத்த நட்டுக்குப் போ. வால் பகுதியில் மட்டும் முப்பத்தெட்டுக் கோடுகள். அந்த எனாமலைக் கொடுத்தவன் நான்.

நான்கு பக்கமும் சங்கிலியால் தரையோடு கட்டி, ஒரு சாண் உயரம் தூக்கிப் பார்ப்பதுதான் சோதனை. ஆறு முறை நல்லபடியாக முடிந்தது. ஏழாவது முறையைப் பார்க்க நீங்கள் எல்லோரும் குடும்பத்தோடு வருவதாக ஏற்பாடு. முதல் நாள் சனிக்கிழமை, மாஸ்டர் பணிக்குப் போயிருந்த நேரத்தில், நான் அவர் கொட்டகைக்குப் போனேன். யாரும் என்னை அழைக்கவில்லை. இத்தனை பேர் பார்க்க வரும்போது துருப்பிடித்த வாலோடு நிற்கலாமா என்று, நானே ஆசைப்பட்டு அதற்கு நீலம் அடித்தேன். நட்டுகளை விட்டுச் சுற்றிலும் அடித்தேன். புது நீலத்துக்கு நடுவில் சிவப்புக் கோடுகள் மங்கித் தெரிந்தன. சரி, அதே இடத்தில் இன்னொரு முறை இழுத்துவிடலாமே என்று தூரிகையை எடுத்தேன்.

அதில் ஒரு கோடு உடைந்திருந்தது.

மயிரிழை அளவுதான். என் கண்ணில் பட்டது. மெக்கானிக் கண்ணாக இருந்தால் நட்டு அசைந்திருக்கிறது என்று புரிந்திருக்கும். என் கண் பெயிண்டர் கண். துடைக்கும்போது துணி பட்டுக் கலைந்திருக்கிறது, பிசிறாக இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்தக் கோட்டின் அர்த்தம் எனக்குத் தெரியாதா? தெரியும்! மாஸ்டர் வாயாலேயே கேட்டிருக்கிறேன். ஆனாலும் பிசிறை நேராக்கித்தானே என் கைக்குப் பழக்கம்? நேராக்கிவிட்டேன்.

மறுநாள் காலையில் மாஸ்டர் டார்ச் அடித்து ஒவ்வொரு நட்டாகப் பார்த்தார். "என்னடா, கோட்டுக்கும் மேக்கப் போட்டிருக்கே?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! அப்போது அது எனக்கு நினைவிலேயே இல்லை. பிறகு நடந்ததை நீங்களே வேலிக்கு வெளியே நின்று பார்த்தீர்கள். வால் காற்றாடியின் பிடி விட்டது, வண்டி சுற்ற ஆரம்பித்தது, ஒரு சங்கிலி அறுந்தது. உங்களில் எத்தனை பேர் வேலி ஏறிக் குதித்தீர்கள்! யாரால் என்ன செய்ய முடிந்தது? அன்று மாலையே வந்த அதிகாரி, நட்டில்லாத அந்த போல்ட்டைக் கையில் தூக்கிக் காட்டியபோதுதான், அது எந்தக் கோடு என்று எனக்கு உறைத்தது.

கூட்டத்தில் யாரோ, "விடுங்க பெயிண்டர், நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க" என்கிறார்கள். வேண்டுமென்று செய்யவில்லை ஐயா. அதனால்தான் யார் காலில் விழுவது என்றும் தெரியவில்லை. வேண்டுமென்று செய்தவனுக்காவது தண்டனை என்று ஒன்று இருக்கிறது.

மேலாளர் சீட்டு அனுப்புகிறார், சுருக்கமாக முடிக்கச் சொல்லி. முடிக்கிறேன் ஐயா. மாஸ்டரின் ஹெலிகாப்டரை நாமே சரிசெய்து பறக்கவிடுவோம் என்று செயலாளர் சொன்னார். நீங்களும் கை தட்டினீர்கள். என்னையும் இந்த மேடையில் உறுதிமொழி சொல்லச் சொன்னார். என்னால் முடியாது. எனக்கு அதன் பக்கத்தில் போய் நிற்கவே கால் வரவில்லை. நான் சொல்லக்கூடிய உறுதிமொழி ஒன்றுதான். நாளைக் காலை பத்து மணிக்கு அந்த அதிகாரியின் அலுவலகத்தில் நான் இருப்பேன். இங்கே சொன்னதை அப்படியே எழுதி, கீழே கையெழுத்துப் போடுவேன். முறுக்க வேண்டியதை முறுக்காமல் விடுகிற மனிதர் இல்லை நம் மாஸ்டர். நட்டு தளர்ந்ததை அவர் கண்ணிலிருந்து மறைத்தவன் நான். அந்தத் தாள் மாறும் வரைக்கும் அலைவேன். மாறினாலும் மாஸ்டர் வரமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

அண்ணி, அன்றைக்கு அதிகாரி சொன்னதைக் கேட்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நிஜமாவே மறந்துட்டாராப்பா?" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பத்தொன்பது நாள் கழித்து, இத்தனை பேரை வைத்துக்கொண்டு சொல்கிறேன்: அவர் மறக்கவில்லை. தனியாக உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அதனால்தான் மைக்கில் சொல்கிறேன். இனி நான் உங்க வீட்டு வாசப்படி ஏறலாமா கூடாதான்னு மட்டும், பாப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க அண்ணி.