சௌமியா செய்த அலாரம்

2024 மே 5, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 2.18 மணிக்கு எருமப்பட்டிக்குக் கிழக்கே எங்கள் தோட்டத்து லைனில் மின்சாரம் நின்றது. 2.47 மணிக்கு எங்கள் தோட்டத்து வேலையாள் வீரன் ஓடிவந்து கதவைத் தட்டினார்.

விலை குறைந்த பொருட்களில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுப்பது பெரிய வித்தை இல்லை. திருச்செங்கோடு பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் வயர்லெஸ் லேப் இன்ஸ்ட்ரக்டராகப் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். ப்ராஜெக்ட் சமயத்தில் பிள்ளைகள் வந்து, "சார், எந்த மாட்யூல் வாங்கறது?" என்று நிற்பார்கள். எவ்வளவு தூரம், நடுவில் என்ன இருக்கிறது, கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பேன். அதற்குள் பதில் வந்துவிடும். என் மனைவி சௌமியாவுக்கும் அப்படித்தான் சொன்னேன்.

கோழிகளுக்கான காப்பீடு சம்பந்தமாக நீங்கள் விசாரிக்க வந்தபோது, கொட்டகை அலாரத்தில் கம்பியில்லாமல் சிக்னல் அனுப்புகிற அந்த மாட்யூலைத் தேர்ந்தெடுத்தது யார் என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் சௌமியா, "நாந்தானுங்க" என்றாள். நீங்களும் அப்படியே எழுதிக்கொண்டீர்கள். அது தவறு. உங்கள் விசாரணை முடிந்துவிட்டது, இனி இதனால் யாருக்கும் லாபமோ நட்டமோ இல்லை என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

நான் என் மாமனார் சடையன் வீட்டில்தான் இருக்கிறேன். திருமணத்தின்போது பேசி வைத்த ஏற்பாடு அது. சௌமியா ஒரே பெண். மாமனாருக்குப் பதினெட்டாயிரம் முட்டைக்கோழிகள் கொண்ட அடைப்புக் கொட்டகை ஒன்று உண்டு. இரண்டு நீளப் பக்கங்களும் தகரம். ஒரு கோடியில் பெரிய மின்விசிறிகள். வீட்டைப் பார்த்த மறுகோடியில் சுவருக்குப் பதிலாக, தேன்கூடு மாதிரி துளைகள் உள்ள அட்டை அடுக்கு. வெயில் காலத்தில் அதன் மேல் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். விசிறி இழுக்கும் காற்று அந்த ஈரத்தின் வழியாகக் குளிர்ந்து உள்ளே வரும். மே மாதத்தில் விசிறி நின்றால் இருபது நிமிடம்தான். அதற்குமேல் கோழிகள் தாங்காது. ஜெனரேட்டர் தானாகக் கிளம்ப வேண்டும். சில நாள் கிளம்பாது. அதனால் கோடை முழுவதும் வீரன் கொட்டகை வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். வயது ஐம்பத்தெட்டு. ஜெனரேட்டரைக் கையால் கிளப்புவதற்காகவே அங்கே ஓர் ஆள்.

திருமணமான புதிதில், கொட்டகையில் சூடு ஏறினால் வீட்டில் மணி அடிக்கிற மாதிரி ஒரு கருவி செய்து தருகிறேன் என்று மாமனாரிடம் சொல்லியிருந்தேன். அதற்கு மூளையாக வைக்க ஓர் ஆர்டுயினோ போர்டுகூட வாங்கினேன். அது என் மேசை இழுப்பறையில் ஒன்பது ஆண்டுகள் இருந்தது. சௌமியா பி.காம். படித்தவள். ஒரு மழைக்காலத்தில் அந்த போர்டை எடுத்து, யூடியூப் பார்த்து, தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் மோட்டாரை நிறுத்துகிற கருவி ஒன்று செய்தாள். என்னிடம் கேட்காமல் செய்தாள். அது வேலை செய்தது.

அதன் பிறகு சொந்தக்காரர்கள் வந்தால் என்னிடம் கல்லூரி எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, அவளிடம் தொட்டிக் கருவியைப் பற்றிக் கேட்பார்கள். பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு அவளுடைய தாய்மாமன் காளிதாஸ் வந்திருந்தார். திருச்செங்கோட்டில் போர்வெல் போடுகிற ரிக் வண்டி வைத்திருக்கிறவர், கொஞ்சம் சத்தமாகப் பேசுவார். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"ஏனுங்க மாப்ள, காலேசுல சம்பளம் வாங்கறது நீங்க, வேலை பாக்கறது எங்க சௌமியாவா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாமனார் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "மாப்ள கொட்டாய்க்கு மணி செஞ்சு தாரேன்னு அன்னிக்கே சொன்னாரு. பாவம், அவருக்கு எங்க நேரம்? இப்ப எம்பொண்ணு செய்யறேங்கறா" என்றார்.

"அட, அப்ப மாப்ளைக்குப் பதிலா பொண்ணையே காலேசுக்கு அனுப்பிச்சுடுங்க மச்சான். மாப்ள இங்க முட்டை பொறுக்கட்டும்."

சௌமியாவும் சிரித்தாள். வாயைக் கையால் மூடிக்கொண்டு, இரண்டு நொடி இருக்கும். பிறகு, "போங்க மாமா. அவரு சொல்லிக் குடுத்துத்தான் நானே செஞ்சேன்" என்றாள். நான் அவளுக்கு எதுவும் சொல்லிக்கொடுத்ததில்லை. அது அவளுக்கும் தெரியும். காளிதாஸ் சொன்னதை நான் அன்று மாலையே மறந்துவிட்டேன். சௌமியா சொன்னதை மறக்க முடியவில்லை.

பொறாமை என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அந்தச் சொல்லை வைத்து யோசித்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. ஒரு வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் இருக்கிறது. அது இருக்கிறபடி இருந்தால்தான் வீடு நடக்கும்.

ஒரு வாரம் கழித்து அவள் மூன்று மாட்யூல்களின் படத்தைக் கைப்பேசியில் கொண்டுவந்து காட்டினாள்.

"ஏனுங்க, இதுல எது எடுக்கறது? சிம் போடறது வேண்டாம், மாசாமாசம் ரீசார்ஜ் பண்ணோணும். இந்த லோரா நல்லா இருக்குதுன்னு சொல்றாங்க. கொஞ்சம் வெலை சாஸ்தி."

முதலாவது நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், பொம்மைக் காருக்குப் போடுகிற மாதிரியானது. மூன்றாவது லோரா. வேகம் குறைவு, ஆனால் சுவர், மரம், ஈரம் எல்லாவற்றையும் தாண்டிப் போகும். கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவே மரவள்ளிக் காடு, இருநூற்று எண்பது மீட்டர். லோராதான் சரி. அவள் தானாகவே சரியானதைக் கண்டுபிடித்திருந்தாள்.

நான் நடுவில் இருந்ததைக் காட்டினேன். குச்சி ஆன்டெனா வைத்தது, லோராவில் பாதி விலை. "இதே ஒரு கிலோமீட்டர் போகும். எதுக்கு வீணா?" என்றேன். திறந்த வெளியில் அது போகவும் செய்யும். ஆனால் அது வேலை செய்கிற அலைவரிசையைத் தண்ணீர் விழுங்கிவிடும். மைக்ரோவேவ் அடுப்பை உதாரணம் காட்டி இதை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் போர்டில் எழுதிப்போடுகிறவன் நான். தகரம் அலையை வெளியே விடாது. அட்டைச் சுவர் வழியாகத்தான் அது வீட்டுக்கு வர முடியும். ஜனவரியில் அட்டை காய்ந்திருந்தது.

"நீங்க சொன்னாச் சரி" என்றாள்.

இன்னொன்றும் கேட்டாள். கொட்டகையிலிருந்து நிமிடத்துக்கு ஒரு முறை 'நலம்' என்று ஒரு செய்தி வரட்டும், அது வராவிட்டாலும் மணி அடிக்கட்டும் என்றாள். நல்ல யோசனை. என் இறுதியாண்டு மாணவர்களில் பாதிப் பேருக்கு இது தோன்றாது. அப்படிச் செய்திருந்தால் அட்டை நனைந்த முதல் நாளே குறை தெரிந்திருக்கும். "காத்தடிச்சாக்கூட மணி அடிக்கும். ரெண்டு நாள் சும்மா அடிச்சா உங்கப்பா வயரைப் புடுங்கி எறிஞ்சுருவாரு" என்றேன். அவள் சிரித்துவிட்டு, "ஆமாங்க, செஞ்சாலும் செய்வாரு" என்றாள். சூடு ஏறினால் மட்டும் அடிக்கிற மாதிரி மாற்றிவிட்டாள்.

ஜனவரி 28 அன்று சோதித்தார்கள். கொட்டகையில், பேட்டரியில் ஓடுகிற சென்சார் மேல் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தைப் பிடித்தாள். வீட்டில் மணி அடித்தது. மாமனார் மரவள்ளிக் காட்டின் நடுவே நின்று கையைத் தூக்கிக் காட்டினார். மாமியார் ஆராயி எல்லோருக்கும் கேசரி செய்தார். நானும் சாப்பிட்டேன், நன்றாக இருந்தது. மார்ச் மாதம் மாமனார் வீரனை வேப்பமரத்தடியிலிருந்து எழுப்பினார்.

"அதான் மணி இருக்குதில்லடா. நீ எதுக்கு இங்க குந்திக்கிட்டு? போயிக் காட்டுல தண்ணி கட்டு."

வீரன் தயங்கினார். "மிசினை நம்பி உட்டுட்டுப் போறதுங்களா?"

"மிசினு இல்லடா, எம்பொண்ணு செஞ்சது."

இதுவரை சொன்னதில் நான் செய்தது ஆலோசனை சொன்னது மட்டுமே. கேட்டவள் வேறு ஒருவரிடமும் கேட்டிருக்கலாம். எந்த ஆலோசனையையும் நான் கட்டாயப்படுத்தவில்லை. உங்கள் கோப்புக்கு இவ்வளவு போதும். ஆனால் முழுதாகச் சொல்வதாகத் தொடங்கிவிட்டேன்.

ஏப்ரல் இரண்டாம் வாரம் அட்டைச் சுவரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். அன்று சௌமியா, "ஏனுங்க, தண்ணி உட்டாச்சு, இன்னொருக்கா டெஸ்ட் பண்ணிப் பாத்துரலாமா?" என்றாள். அவளுக்கு அன்று நல்ல காய்ச்சல். நீ படுத்துக்கொள், நான் பார்க்கிறேன் என்று சொல்லிக் கருவியின் வீட்டுப் பகுதியைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். அதை அட்டைச் சுவருக்கு வெளியே வரப்பில் வைத்துவிட்டு, உள்ளே போய் சென்சாரைச் சூடாக்கினேன். மணிச் சத்தம் கேட்கவில்லை. வீட்டுக்கு அருகில் வைத்து மறுபடி சூடாக்கிவிட்டு வந்து பார்த்தேன். மணி அடித்ததாகக் கருவியின் பதிவில் எதுவும் இல்லை. மூன்று முறை செய்தேன். சோதனை என்றால் மூன்று முறையாவது செய்ய வேண்டும் என்பது என் வழக்கம்.

வீட்டுக்கு வந்து, "அடிச்சுது" என்றேன். அவள் நெற்றியில் ஈரத்துணி போட்டேன்.

மே 5 அன்று கறி எடுத்திருந்தோம். சாப்பிட்டுவிட்டு மாமனாரும் மாமியாரும் உள் அறையில் படுத்தார்கள். சௌமியா கூடத்தில் பாயில் தூங்கிவிட்டாள். கருவி அவள் தலைமாட்டில் ஸ்டூல் மேல் இருந்தது, பச்சை விளக்கு எரிந்துகொண்டு. எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. மின்சாரம் போனால் விசிறி ஒரு கணம் தளர்ந்து மறுபடி சுற்றும். தூங்குகிறவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தூக்கம் வரவில்லை. 2.18க்கு விசிறி தளர்ந்தது.

வழக்கமாக அடுத்த அரை நிமிடத்தில் கொட்டகைப் பக்கம் ஜெனரேட்டர் சத்தம் கேட்கும். அன்று கேட்கவில்லை. நான் எழுந்து உட்கார்ந்து கருவியைப் பார்த்தேன்.

அதற்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மணி அடித்திருந்தால் முதலில் ஓடியிருப்பவன் நான்தான். அவள் சாமர்த்தியம் என்று நானே ஊர் முழுக்கச் சொல்லியிருப்பேன். பத்து நிமிடம் பார்த்தேன். ஒரு டம்ளர் மோர் எடுத்துவந்து குடித்தேன். இருபது நிமிடம் ஆனது. அவள் ஒரு முறை புரண்டு படுத்தாள். கழுத்தில் வேர்த்திருந்தது. விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். ஜெனரேட்டரைக் கையால் கிளப்ப எனக்குத் தெரியும். கொட்டகைக்கு நடந்து போனால் நான்கு நிமிடம்.

2.47க்கு வீரன் வந்தார். தூரத்துக் காட்டில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் மோட்டார் நின்றதும் கரண்ட் வரட்டும் என்று காத்திருந்திருக்கிறார். பிறகுதான் கொட்டகை விசிறி இரைச்சலும் இல்லை என்று கவனித்திருக்கிறார். "சாமி, கொட்டாய் நின்னு போச்சு" என்று கத்திவிட்டுத் திரும்பி ஓடினார். மாமனார் ஜெனரேட்டரைக் கிளப்பப் போனார். வீரன் உள்ளே போய்ப் பக்கவாட்டு அவசரக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போயிருக்கிறார். எட்டுக் கதவுகள். ஏழு திறந்திருந்தன. எட்டாவதின் கீழே விழுந்து கிடந்தார். நாமக்கல் கொண்டுபோனோம். மூன்றாம் நாள் இறந்தார். வெயில் தாக்கியது என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர் மனைவி பொன்னாயி எங்கள் தோட்டத்திலேயே வேலை செய்கிறார். கோழிகளில் பதினாறாயிரத்துச் சொச்சம் போயிற்று. ஜேசிபி வைத்துக் குழி வெட்டினோம்.

மாமனார் சௌமியாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "போச்சு உடு சாமி. உம்மேல தப்பில்ல" என்றார். அவர் அப்படிச் சொன்னபோது அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழியை மூடுகிற வரை அங்கேயே நின்றாள். நான் குடை பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நீங்கள் வந்தீர்கள். கருவியைத் திறந்து, பற்றவைப்பைப் பார்த்து, "ரொம்ப நேர்த்தியான கை. மாட்யூல் மட்டும் மாத்திப் போட்டிருந்தா..." என்று சொன்னீர்கள். அவ்வளவு நடந்த பிறகும் அவளுடைய கையைத்தான் பாராட்டினீர்கள். யார் தேர்ந்தெடுத்தது என்ற கேள்விக்கு அவள் என் பெயரைச் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றினாளா, உண்மையிலேயே தான் தேர்ந்தெடுத்ததாக நினைக்கிறாளா என்று நான் கேட்கவில்லை. எப்படியிருந்தாலும் அந்த வரியை நீங்கள் திருத்திக்கொள்ளலாம். தேர்ந்தெடுத்தவன் மதியழகன். எதை எடுத்தால் எப்போது வேலை செய்யாது என்று அந்த வீட்டில் தெரிந்திருந்தவன் நான் ஒருவன்தான்.

சௌமியா நன்றாக இருக்கிறாள். மாதம் ஒரு முறை பொன்னாயியைப் பார்த்து வருகிறாள். சால்டரிங் அயர்னைக் கல்லூரிக்கே எடுத்துப்போகச் சொன்னாள், எடுத்துப்போய் லேபில் வைத்துவிட்டேன். முன்பெல்லாம் அவளாக வாங்குவதை வாங்குவாள். இப்போது ஒரு மிக்ஸி வாங்குவதென்றாலும் என்னைக் கேட்டுத்தான் வாங்குகிறாள். நான் நாலு கடை விசாரித்து, நல்லதாகப் பார்த்துச் சொல்கிறேன்.