கதாநாயகன் செய்யவேண்டிய உதவி

விஷாகா, உங்க வீட்டு பேஸ்மென்ட்ல குளிரே தெரியலை. எங்க டவுன்ஹவுஸ்ல மேல ஹீட்டர் போட்டா கீழ ஜில்லுனு இருக்கும், கீழ போட்டா மேல புழுங்கும். ரிப்பேர் ஆளை வரச்சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போச்சு. சரி, முறைக்காதீங்க. ஸ்ம்ருதி விஷயத்தைக் கேட்கத்தானே கூப்பிட்டீங்க, சொல்றேன். ஆனா வரிசையாத்தான் சொல்வேன். எனக்கு நடுவுல யாராவது பேசினா பிடிக்காது.

எல்லாம் இந்த ரூம்லதான் ஆரம்பிச்சது. நியூ ஜெர்சி எடிசன்ல இருக்கற நம்ம ஆளுங்களைக் கூப்பிட்டு, மாசம் ஒரு சனிக்கிழமை நீங்க நடத்தற ரீஜென்ஸி ரொமான்ஸ் குரூப். இருநூறு வருஷத்துக்கு முந்தின இங்கிலாந்து, டியூக்குங்க, பால் டான்ஸ், குதிரை வண்டி. குரூப்ல நான் ஒருத்தன்தான் ஆம்பளை. டிவோர்ஸுக்கு அப்புறம் பொழுது போகாம படிக்க ஆரம்பிச்சேன், விடமுடியலை. அதுலயும் எனக்கு உசிரு, எதிரிங்களா ஆரம்பிச்சு காதல்ல முடியற கதைங்க. முதல் சந்திப்புலயே அவ அவனை நாலு பேர் முன்னாடி மட்டம் தட்டுவா. கடைசிப் பக்கத்துல அவன் இல்லாம அவளால இருக்க முடியாது.

ஸ்ம்ருதி அந்த மாதிரிக் கதையை எழுதவே செஞ்சாங்க. பகல்ல மன்ஹாட்டன்ல இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலை, வீக்கெண்ட்ல இங்கிலீஷ்ல நாவல். முதல் நாள் ஒரு சாப்டர் படிச்சுக் காட்டினாங்க. அதுல ஒரு பிரபு வீட்டுப் பொண்ணு துணைக்கு ஆள் இல்லாம வாடகை வண்டியில தனியா போறா. அந்தக் காலத்துல அப்படிப் போனா அவ பேரே கெட்டுடும், யாரும் கட்டமாட்டாங்கன்னு சொன்னேன். "உங்ககிட்ட யாராவது கேட்டாங்களா அங்கிள்?"னாங்க. நீங்க எல்லாரும் சிரிச்சீங்க. எனக்கு நாற்பத்தி நாலு வயசுதான் ஆகுது, சுருக்குனுதான் இருந்தது. ஆனா திரும்பி டிரைவ் பண்ணிட்டுப் போகும்போது மனசு லேசா இருந்தது. அத்தனை பேர்ல என்னைத்தானே குத்தணும்னு தோணியிருக்கு.

அதுக்கப்புறம் கதை சரியா அது போக்குல போச்சு. காலைல டிரெயின்ல அவங்க ஏறற பெட்டியிலயே நானும் ஏறுவேன். அவங்க எழுந்து அடுத்த பெட்டிக்குப் போவாங்க, நானும் போவேன். வாட்ஸ்ஆப்ல பிளாக் பண்ணாங்க. வேற நம்பர் வாங்கினேன், அதையும் பிளாக் பண்ணாங்க. உங்க வீட்டுக் கொலுவுல சுண்டல் கிண்ணத்தோட அவங்க பக்கத்துல உட்கார்ந்தேன். "சார், இன்னொரு தடவை என் பக்கத்துல வந்தீங்கன்னா மரியாதை கெட்டுடும்"னு எல்லார் காதுலயும் விழற மாதிரி சொன்னாங்க. அங்கிள் போய் சார் ஆகியிருந்தது. நீங்க யாரும் அதைக் கவனிக்கலை.

ஒரே ஒரு விஷயம்தான் உதைச்சது. இந்தக் கதைகள்ல மூணாவது பாகத்துல அவ வீட்டுக்கு ஒரு பெரிய கஷ்டம் வரும். அவன் சத்தம்போடாம அதைத் தீர்த்துவைப்பான். அப்பதான் அவளுக்குக் கண் திறக்கும். ஸ்ம்ருதிக்குக் கஷ்டமே வரலை. நல்ல வேலை, நல்ல பாஸ், கிரீன் கார்டு வரிசைல பொறுமையா நின்னுட்டு இருந்தாங்க. ஒரு குறையும் இல்லாத பொண்ணுக்கு ஒருத்தன் எப்படி உதவி பண்றது? வெயிட் பண்ணிப் பார்த்தேன். எனக்கும் பொறுமைக்கு ஒரு அளவு இருக்கு.

அவங்க நாவலை ஆன்லைன்ல விற்கப் போட்டது ஞாபகம் இருக்கா? கேக் வெட்டினோம். "நான் ஹெச் ஒன் விசால இருக்கேன். ஆபீஸ் வேலையைத் தவிர வேற எதுலயும் சம்பாதிக்கக்கூடாது. புனைபேர்லதான் போட்டிருக்கேன், ப்ளீஸ், வெளிய சொல்லிடாதீங்க"ன்னு கேட்டுக்கிட்டாங்க. எல்லாரும் சத்தியம் பண்ணீங்க. நானும் பண்ணேன்.

அவங்க கம்பெனில புகார் சொல்ல ஒரு நம்பர் இருக்கு, பேர் கேட்கமாட்டாங்க. லஞ்ச் பிரேக்ல கூப்பிட்டேன். புனைபேரைச் சொன்னேன், புத்தகத்தைச் சொன்னேன். ஒரு பொய் சொல்லலை. அந்தப் பக்கம் பேசின அம்மா ரொம்பத் தன்மையா நன்றி சொல்லி வெச்சாங்க. அந்த வாரக் கடைசிலயே ஸ்ம்ருதிக்கு வேலை போச்சு. வேற வேலை கிடைக்கலைன்னா ரெண்டு மாசத்துல நாட்டை விட்டுப் போகணும். புகார் இருக்கற ஆளை யார் எடுப்பாங்க? எனக்கு அது தெரியும்.

நான் சிட்டிசன். என்னைக் கட்டிக்கிட்டா எந்தத் தொந்தரவும் இல்லை. ரெண்டு மாசம் முடியப்போற நேரத்துல நல்ல கோட்டு ஒண்ணு போட்டுக்கிட்டு அவங்க அபார்ட்மென்ட்டுக்குப் போனேன். கதவைச் சங்கிலி மாட்டித்தான் திறந்தாங்க. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அப்பவும் அழகாத்தான் இருந்தாங்க. "யாரோ ஒருத்தர் பண்ண ஒரு போன் காலால உங்க வாழ்க்கை கெட விடமாட்டேன். என்னைக் கல்யாணம் பண்ணிக்கோங்க"ன்னு சொன்னேன்.

அவங்க மெதுவா, "போன் கால்னு உங்களுக்கு யார் சொன்னாங்க? புகார் வந்ததுன்னு மட்டும்தான் எனக்கே சொன்னாங்க"ன்னாங்க.

அது என்னோட தப்பு. ஒத்துக்கறேன். வார்த்தையைப் பார்த்துப் பேசியிருக்கணும். கதவைச் சாத்திட்டாங்க. உடனே உங்களுக்குத்தான் கூப்பிட்டிருப்பாங்க.

ஆமாம் விஷாகா, போன் பண்ணது நான்தான். இதைத்தானே கேட்டீங்க. போலீஸ்ல சொல்றேன்னு மிரட்டறீங்க, சொல்லுங்க. உண்மையைச் சொன்னவனை என்ன பண்ணுவாங்க? எனக்குக் கோபம் உங்க மேலதான். இத்தனை வருஷம் இந்தக் கதைகளைப் படிச்சுப் படிச்சு அழுதுட்டு, கண்ணு முன்னாடி ஒண்ணு நடக்கும்போது உங்களுக்கு அடையாளம் தெரியலையே.

வெள்ளிக்கிழமை நியூவார்க் ஏர்போர்ட்ல இருந்து அவங்க அப்பா இருக்கற கோயம்புத்தூருக்கே கிளம்பறாங்கன்னு தெரியும். "கடைசி நாள் வரைக்கும் இங்கேயே வேலை தேடியிருப்பேன், கோர்ட்டுக்குப் போயிருப்பேன், ஆனா அந்தாள் இருக்கற ஊர்ல மூச்சு விடக்கூட பயமா இருக்கு"ன்னு சொன்னாங்கன்னு நீங்களே இப்ப சொன்னீங்க. எட்டு வருஷம் கட்டி வெச்ச வாழ்க்கையை ஒரே ஒரு ஆளுக்காக ஒரு பொண்ணு விட்டுட்டுப் போறா. அவ மனசு முழுக்க அந்த ஆளைத் தவிர வேற யார் இருக்க முடியும்? சொல்லுங்க.

அடுத்தது டியூக்கு நேரா அவ அப்பாகிட்டப் போய்ப் பொண்ணு கேட்பான். சனிக்கிழமைக்கு எனக்கும் டிக்கெட் போட்டுட்டேன். கோயம்புத்தூர் வீட்டு அட்ரஸ் உங்ககிட்ட கேட்கலை, அது என்கிட்ட இருக்கு. திங்கட்கிழமை அவங்க அப்பா வீட்டுல எத்தனை மணிக்கு இருப்பார்னு மட்டும் சொல்லிடுங்க.