பாலிகஞ்சில் கழற்றிய ஜீப் ஜன்னல்கள்

என் பெயர் ஆண்டாள். வயது ஐம்பத்தாறு. கணவர் சுப்பையா, கிடர்பூர் துறைமுகப் பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கிடர்பூரிலேயே வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். முறுக்கு, சீடை செய்து வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். வங்காளம் பேசுவேன், எழுத வராது. அதனால் நான் தமிழில் சொல்லச் சொல்ல, இந்தப் போலீஸ் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் வரவழைத்த சிவராமகிருஷ்ணன் சார் எழுதிக்கொள்கிறார். அவர் மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர், எனக்கு முன்பின் பழக்கமில்லாதவர்.

2003ஆம் வருடம் என் ஒரே மகன் ஜெயக்குமார், வாடகைக்கு ஓட்டுவதற்காக ஏலத்தில் ஒரு பழைய ஜீப்பை எடுத்தான். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி, மலைப்பாதைக்கு ஆகும் என்றான். தகரக் கூடு போட்டது. பின்பக்கம் இருபுறமும் இருந்த ஜன்னல்களின் சட்டம் துருப்பிடித்து, கை வைத்தால் உதிர்ந்தது. ஒர்க்‌ஷாப்பில் கொடுக்கலாம் என்றதற்கு என் கணவர், "அப்ப நான் எதுக்கு இருக்கேன்?" என்று கோபித்துக்கொண்டு தானே வேலையில் இறங்கினார். திருகுகள் துருவேறிச் சுழலவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தும் அசையாததால் அவற்றின் தலைகளை உளியால் வெட்டி எடுத்தார். அதன்பின் ஓட்டை விழுந்த தகரத்துக்கு ஒட்டுப்போட்டு ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடித்தார். அதன்பின் புது அலுமினியச் சட்டத்தில் கண்ணாடியைப் பொருத்தி, சுற்றிலும் ரப்பர் மாட்டி, ரப்பரின் பள்ளத்தில் சோப்புத் தண்ணீரில் நனைத்த கயிற்றைச் சுற்றினார். அவர் வெளியே நின்று உள்ளங்கையால் தட்ட, நான் வண்டிக்குள் உட்கார்ந்து கயிற்றை இழுத்தேன். இழுக்க இழுக்க ரப்பரின் விளிம்பு தகரத்தின்மேல் ஏறி உட்கார்ந்தது.

தண்ணீர் தேங்கித்தான் பழைய சட்டம் துருப்பிடித்தது என்று, புதுச் சட்டத்தின் அடியில் தண்ணீர் வடிய மூன்று துளை போட்டிருந்தார். இடது ஜன்னலைத் தலைகீழாக மாட்டிவிட்டோம். துளைகள் மேலே இருப்பது வேலை முடிந்த பிறகுதான் தெரிந்தது. திரும்பக் கழற்ற உடம்பில் தெம்பில்லாமல், கீழேயும் மூன்று துளை போட்டு, மேலே இருந்தவற்றை எம்சீல் பசை வைத்து அடைத்தார். ஜெயக்குமார் பார்த்துவிட்டு, "மழை உள்ள வர ஒரு வழி, வெளிய போக ஒரு வழி. ஜோராப் பண்ணிருக்கீங்கப்பா" என்றான். "ஏல, போ! பெரிய இஞ்சினீரு" என்றார் அவர். இதெல்லாம் வாக்குமூலத்தில் எதற்கு என்று சிவராமகிருஷ்ணன் சார் கேட்டார். எழுதத்தான் வேண்டும் என்றேன். அதை வைத்துத்தான் நான் அடையாளம் கண்டேன்.

அந்த வருடம் பூஜை விடுமுறையில், சிலிகுரிக்குப் போகவேண்டும் என்று இரண்டு பேர் வந்து வண்டி பேசினார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு போன என் மகன் திரும்பவில்லை. போலீசில் புகார் கொடுத்தோம். அங்கே இருந்தவர்கள், வண்டியை விற்றுக் காசாக்கிக்கொண்டு பையன் பம்பாய்க்கு ஓடியிருப்பான், கை காலியானதும் வருவான் என்றார்கள். பெற்றவளிடம் பேசுகிற பேச்சா அது? என் கணவரோ அதையே பிடித்துக்கொண்டார். அவருக்குப் பக்கவாதம் வந்து படுத்த பிறகும், பம்பாயிலிருந்து போன் வந்ததா என்று கேட்காத நாள் இல்லை.

இன்று காலை பாலிகஞ்சில் ஒரு வீட்டுக்கு முறுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, தெருவோரம் அதே மாதிரி ஒரு ஜீப் நின்றது. வேறு நிறம், வேறு நம்பர். இடது ஜன்னலில் மேலேயும் கீழேயும் துளைகள் இருந்தன. மேல்துளைகளைத் தடவிப் பார்த்தேன், எம்சீல் வைத்து அடைத்திருந்தது. போலீசைக் கூப்பிடப் போனால் "வீட்டுக்குப் போங்கள், பார்க்கிறோம்" என்பார்கள், அதற்குள் வண்டியும் போய்விடும். அதனால் பக்கத்தில் பஞ்சர் ஒட்டுகிறவரிடம் கத்தி வாங்கி, ரப்பரை அறுத்து இடது ஜன்னலை வெளியே எடுத்து, என் பைமேல் படுக்க வைத்தேன். அதன்பின் வலது ஜன்னலை அறுத்தேன். கூட்டம் கூடி, பைத்தியம் என்றார்கள். நான் நிறுத்தவில்லை.

அதன்பின் வண்டிக்காரர் தேபாசிஷ் பாசு மாடியிலிருந்து இறங்கி வந்தார். என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. "மாஷிமா, என்ன பண்றீங்க?" என்று சித்தி முறை சொல்லிக் கேட்டார், அவ்வளவுதான். சொன்னேன். அவர் வண்டியின் ஜன்னல்களும் துருப்பிடித்துப் போனதால், பழைய சாமான் கடையில் இந்த இரண்டையும் வாங்கி மாட்டியதாகச் சொன்னார். அவரே என்னையும் ஜன்னல்களையும் டாக்சியில் ஏற்றி இங்கே கூட்டிவந்தார். அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

அதன்பின் இன்ஸ்பெக்டர் அந்தக் கடைக்காரரை வரவழைத்து என் முன்னாலேயே விசாரித்தார். ஒரு ஜீப்பைத் துண்டு துண்டாக வெட்டி லாரியில் கொண்டுவந்தார்கள், கூடு, கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன், டிரைவர் சீட்டை மட்டும் எடுக்கவில்லை என்றார் அவர். ஏன் என்று கேட்டதற்கு, சீட்டு முழுக்க ரத்தம், கழுவினாலும் போகாது, அதை யார் வாங்குவார்கள் என்றார்.

அதன்பின் இன்ஸ்பெக்டர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். ஜன்னல்களை மேஜைமேல் வைத்து, "மாஷிமா, நல்லாப் பாருங்க. உங்களுடையதுதானா? சந்தேகமா இருந்தா அப்படியே சொல்லிடுங்க. பாசு பாபு புகார் கொடுக்கமாட்டேன்னுட்டார், உங்களை வீட்டுக்கு அனுப்பிடுறேன்" என்றார். என்னுடையது இல்லை என்று சொல்ல வாய் வந்தது. சொல்லிவிட்டால் என் பிள்ளை பம்பாயில் இருப்பான், வண்டியை விற்ற திருடனாகவாவது இருப்பான். சிவராமகிருஷ்ணன் சார் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். அவருக்கும் கண் கலங்கியது. வெகுநேரம் அழுதேன். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

இந்த இரண்டு ஜன்னல்களும் எங்கள் வண்டியுடையவை. அந்த வண்டியை ஓட்டிப்போனவன் என் மகன் ஜெயக்குமார். போலீஸ் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே "காணவில்லை" என்று எழுதியிருப்பதை அடித்துவிட நான் சம்மதிக்கிறேன். வீட்டுக்குப் போலீஸ் யாரும் வரவேண்டாம், என் கணவரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, இதில் பொய் ஒன்றும் இல்லை.

(கையொப்பம்)
சு. ஆண்டாள்