வாய்க்கால் கரையில் ஒரு மூங்கில் குச்சி

செவ்வந்தி: பஸ்ஸு வர்றதுக்குள்ள அந்த நோட்டை இங்க குடுங்க, பையில வச்சுக்கறேன்.

துரைக்கண்ணு: வேணாம். டாக்டர் கையில நானே குடுக்கணும்.

செவ்வந்தி: அப்படி என்னதான் எழுதியிருக்கீங்க?

துரைக்கண்ணு: தினம் நிக்காம எவ்வளவு தூரம் நடந்தேன்னு. அவங்க எழுதச் சொன்னதுதான்.

செவ்வந்தி: வாயால சொன்னா பத்தாதா?

துரைக்கண்ணு: ஏண்டி, இது ஆராய்ச்சி. பாதிப் பேருக்கு ஸ்டெம் செல் ஊசி, மீதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணி. யாருக்கு எதுன்னு ஊசி போட்ட டாக்டருக்கே தெரியாது. எங்க நோட்டையெல்லாம் வச்சுத்தான் அது நுரையீரலுக்குக் கேக்குதான்னு பாப்பாங்க.

செவ்வந்தி: உங்களுக்கு நெசமான ஊசிதான். ரைஸ்மில்லுல நெல்லு அவிச்ச புகையை இருபது வருசம் குடிச்ச நெஞ்சு... இப்ப தினம் வாய்க்கால் கரையில நடைக்கு அடையாளமா நட்ட குச்சி வரைக்கும் போறீங்கள்ல?

துரைக்கண்ணு: ம்... போறேன்.

செவ்வந்தி: ஏங்க... நோட்டு தப்பா இருந்தா?

துரைக்கண்ணு: கேக்காத மருந்தைக் கேக்குதுன்னு நம்பி நாலு பேரு போட்டுக்குவாங்க. ஏன், மூஞ்சி ஒரு மாதிரி போகுது?

செவ்வந்தி: திட்டக் கூடாது...

துரைக்கண்ணு: திட்டுறதுக்கு மூச்சு எங்க இருக்கு? சொல்லு.

செவ்வந்தி: குச்சியை மொதல்ல மதகுகிட்ட நட்டோம்ல... நீங்க பாதியிலயே உக்காந்துட்டீங்க. என்னால பாக்க முடியல. மறுநாள் அதைப் புடுங்கி, பத்தடி இந்தப் பக்கம்...

துரைக்கண்ணு: ஒரு தடவைதானா?

செவ்வந்தி: ...வாராவாரம்.

துரைக்கண்ணு: இப்ப பூவம்மா மாட்டுக்கொட்டகைக்கு நேரா நிக்குது.

செவ்வந்தி: தெரியுமா!

துரைக்கண்ணு: அந்த மதகுலேருந்துதான் முப்பது வருசமா நம்ம வயலுக்குத் தண்ணி பாய்ச்சுறேன். குச்சிக்கு என்ன, காலா மொளைச்சிருக்கு?

செவ்வந்தி: தெரிஞ்சுகிட்டேதான் தொட்டுட்டுக் கையைத் தட்டினீங்களா?

துரைக்கண்ணு: நீ தட்டினே. நான் மட்டும் சும்மா நிக்கிறதா?

செவ்வந்தி: ஐயோ... அப்ப நோட்டு முழுக்கப் பொய்யா? கிழிச்சுப் போடுங்க. தப்பு என்னுதுன்னு டாக்டர்கிட்ட நானே சொல்லிடறேன்.

துரைக்கண்ணு: கையை எடு, கிழிஞ்சிரும். நோட்டுல உன் குச்சியே இல்ல.

செவ்வந்தி: பின்ன?

துரைக்கண்ணு: நீ டீ போடப் போனதும் திரும்பி வந்து, மொதல்லேருந்து மதகைப் பாத்து நடப்பேன். எங்க மூச்சு முட்டுதோ, அதுதான் கணக்கு.

செவ்வந்தி: மதகு வரைக்கும் போனீங்களா?

துரைக்கண்ணு: போன மாசம் ஒரே ஒரு நாள் தொட்டேன்.

செவ்வந்தி: நேத்து?

துரைக்கண்ணு: நேத்து நீ டீ போடப் போனப்புறம் நடந்ததுல உன் குச்சிக்கே போய்ச் சேரல. நடுவுலயே உக்காந்துட்டேன்... அதையும் எழுதியிருக்கேன். இந்தா, பஸ்ஸு வருது, நோட்டை நீயே வச்சுக்க.